பொதுவீதியில் தெய்வங்கள்

(மூதூரையடுத்த கட்டைபறிச்சானில் நிகழ்ந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொழும்பு மாநகருக்குப் போகாத குடும்பம் இன்று இக்கொட்டியாபுரப்பற்றில் மிக அருமை. கடவுச்சீட்டு எடுப்பதற்கும், வெளிநாடு செல்லும் பிள்ளையைக் கட்டுநாயக்காவில் வழியனுப்புவதற்கும், இங்கே தீராத நோயைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்கும், திருகோணமலையில் இரவுப் புகையிரதம் ஏறி, விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கி, போன காரியம் முடிந்ததும் அன்றிரவே திரும்பிவிடுவது நம்மவரின் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு போய்வந்தவர்களிடம் கொழும்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், வாகன நெரிசலையும், அடுக்குமாடிகளையும், காலிமுகத்திடலில் வாங்கித் தின்ற இறால் வடையையும் சொல்லுகிறார்கள். அவற்றைப் பார்த்ததில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் உலகத்துப் பெருநகரங்கள் யாவற்றிலும் காணக்கூடிய அந்தக் காட்சிகளோடு திரும்பிவந்தவர், கொழும்பில் மாத்திரம் காணக்கூடியதைக் காணாமலே வந்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு தெய்வம் மூலஸ்தானத்தில் வீற்றிருக்குமளவும் அதன் அடியாருக்கே உரியதாயிருக்கிறது. அது தேரேறியோ, யானைமீது பேழையாகவோ, மக்கள் தோளில் சுரூபமாகவோ பொதுவீதிக்கு எழுந்தருளும் நாளில், அவ்வீதியில் குடியிருக்கும் வேற்றுச் சமயத்தாரும், அங்கே கடை வைத்திருக்கும் வேற்று மொழியாரும், விரும்பியோ விரும்பாமலோ அவ்விழாவில் பங்காளிகளாகிவிடுகிறார்கள். அவர்கள் வழிவிட்டால்தான் தேர் நகரும். அவர்கள் வாசலில் விளக்கேற்றினால் வீதி பொலிவுபெறும். அவர்கள் மனம் கசந்து நின்றால் மேளம் ஓய்ந்துவிடும். ஆகவே பல ஜாதியாரும் பல சமயத்தாரும் செறிந்து வாழும் தலைநகரொன்றின் உற்சவத்தைக் காணப்போகிறவர், அலங்காரத்தையும் வாணவேடிக்கையையும் மட்டும் கண்டு திரும்பாமல், அங்குள்ள மனிதர் ஒருவருக்கொருவர் எவ்வாறு வழிவிடக் கற்றார்கள், எந்தெந்த வருஷங்களில் வழிவிட மறுத்தார்கள் என்ற விருத்தாந்தத்தையும் அறிந்துகொண்டு போகவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

சட்டப்படி இன்று நாட்டின் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை என்பதை மாணாக்கர்கள் அறிவார்கள். பாராளுமன்றம் 1982ஆம் ஆண்டில் அங்கே குடிபுகுந்தது. அந்தக் கோட்டை இராச்சியத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அரசாண்ட காலத்திலே, தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் என்ற பௌத்தத் துறவி பாடிய செலலிஹினி சந்தேசய என்னும் சிங்களத் தூதுக் காவியம், கோட்டை நகரத்து ஈசுவரன் கோவிலையும் அங்கே இனிய தமிழ்ப் பாட்டுப் பாடப்படுவதையும் வருணிக்கிறது. பௌத்த சங்கத்தின் தலைமை நிலையில் இருந்த ஒருவர் சிவன் கோவிலைத் தாம் புகழும் நகரத்தின் அழகுகளுள் ஒன்றாக எண்ணினார் என்பதைத் தலைநகரத்துக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டே செல்லவேண்டும். கொழும்போ துறைமுகத்தால் வளர்ந்த பட்டணம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட அக்கரையில், சோனகரும், மலாயரும், செட்டிமாரும், போராக்களும், மேமன்களும், பார்சிகளும், பறங்கியரும், கொச்சியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களும், வந்த கப்பல் திரும்பிப் போனபின்பும் தங்கிவிட்டார்கள். தங்கியவர் ஒவ்வொருவரும் முதலில் ஒரு கிட்டங்கியையும் அடுத்து ஒரு வழிபாட்டிடத்தையும் கட்டிக்கொண்டார்கள்.

முதன்முறை செல்பவர் நூதனசாலையிலிருந்து தொடங்குவது நன்று. கறுவாத்தோட்டத்தில் வெண்மாளிகையாக நிற்கும் அக்கட்டிடம், தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதற்குப் படம் வரைந்தவர் ஸ்மிதர் என்ற ஆங்கிலேயர். கட்டிக்கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார் என்ற சோனகர். வேலை முடிந்து, உமக்கு என்ன சன்மானம் வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, ஜும்மாத் தொழுகைக்குரிய வெள்ளிக்கிழமைகளில் இந்த மண்டபம் மூடப்பட்டிருக்கவேண்டும் என்று மாத்திரம் அவர் கேட்டார் என்பது கொழும்பில் வழங்கும் கர்ணபரம்பரைக் கதை. நெடுங்காலம் அவ்வாறே வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டும் வந்தது. பொன்னும் பதவியும் கேட்கக்கூடிய வேளையில் தன் ஜனங்களின் தொழுகைநாளை நினைத்த அந்த மனிதரை எண்ணிக்கொண்டு அவ்வாசற்படியில் ஏறுவது தகும்.

உள்ளே ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. கண்டியரசனின் சிம்மாசனம் இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்டு இங்கிலாந்துக்குப் போன அது 1934இல்தான் திரும்பி வந்தது. பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில் 1907ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகள் இருக்கின்றன. நடராஜரும், நாயன்மாரும், திருவாசகம் தந்த பெருமானும் புத்தர் சிலைகளுக்கு அடுத்த கூடங்களில் நிற்கிறார்கள். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருவுருவத்தின் முன்னே சற்றுநேரம் நில்லுங்கள் என்று மாத்திரம் சொல்லி அப்பாற் செல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைய பொழுது போதாது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட நம் கீழ்க்கரையில் அகப்பட்ட, நாலரை அடிக்கு மேல் உயரமுள்ள பொன் முலாம் பூசிய தாராதேவியின் மூலச்சிலை தேசாதிபதி பிரவுன்றிக்கின் கைக்குச் சென்று, 1830ஆம் ஆண்டு முதல் லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கிறது என்பதையும் வருத்தத்தோடு சொல்லிவைக்கிறேன்.

ஆனால் நான் உங்களை அழைத்துச்சென்று காட்ட விரும்புவது ஒரு கல்லை. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும், வளைந்த தலையும், அத்தலையிலே எதிரெதிரே செதுக்கிய இரண்டு சீன நாகங்களும் உடைய அக்கல், 1911ஆம் ஆண்டில் காலி நகரத்து வீதியொன்றில் நீரோடும் மதகின் மேல் மூடுபலகையாகக் கவிழ்ந்துகிடந்தது. அதை நிமிர்த்திப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் சீனமும், மற்றப் பக்கத்தின் மேற்பாதியில் தமிழும், கீழ்ப்பாதியில் பாரசீகமுமாக மூன்று சாசனங்கள் வெளிப்பட்டன. மிங் வமிசத்துச் சக்கரவர்த்தி யொங்லெயின் கட்டளைப்படி, ஜெங் ஹே என்ற கடற்படைத் தளபதி 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனத்திலேயே பொறித்துக் கப்பலில் கொண்டுவந்த கல் அது. அதில் நாம் வியக்கவேண்டியது ஒன்றுண்டு. சீன வாசகம் காணிக்கைகளைப் புத்த பகவானுக்குச் சமர்ப்பிக்கிறது. தமிழ் வாசகம் தென்னிலங்கைத் தேவிநுவரையில் கோவில்கொண்ட தென்னாவர நாயனாருக்கு, அதாவது திருமாலுக்குச் சமர்ப்பிக்கிறது. பாரசீக வாசகம் இஸ்லாத்தின் இறைவனை முன்னிறுத்துகிறது. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாக மூன்று சந்நிதிகளுக்கும் கொடுத்த பொருள்களோ ஏறத்தாழ ஒரே அளவின. அந்தத் தளபதி முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். அவரை அனுப்பிய அரசரின் நோக்கத்தில் வாணிகமும் வல்லமையும் கலந்திருந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை, ஏனெனில் அதே பிரயாணத்தில் அவருடைய படை இந்நாட்டு அரசனொருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. இருந்தபோதிலும் இந்தத் தீவின் கரையில் இறங்குகிறவன் மூன்று தெய்வங்களுக்கும் முன்னே தலைவணங்கியாக வேண்டும் என்று அந்நாளில் கடல் கடந்துவந்தவன் அறிந்திருந்தான். பாரசீக வரிகள் பெரிதும் தேய்ந்துவிட்டன. தமிழ் வரிகளில் எழுத்துக்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டாகவும் இருக்கும், கல்வியாகவும் இருக்கும்.

நூதனசாலையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். வாகனத்தை விட்டிறங்கி நடக்கவேண்டிய பகுதி அது. பொன் நகைக் கடைகள் வரிசையாக மின்னும் செட்டியார் தெருவில், நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்கள் இரண்டும் அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து கொச்சிக்கடை நோக்கி நடந்தால், முதலியார் பொன்னம்பலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாபித்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடக்கம் 1912ஆம் ஆண்டுவரை கருங்கல்லிலே புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை அடையலாம். வெயில் கொதிக்கும் வீதியிலிருந்து உள்ளே அடியெடுத்து வைத்ததும், கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறது. எண்ணெய் விளக்குகளின் ஒளியன்றி வேறொளி வேண்டாத இருட்டில் தூண்களின் சிற்பங்கள் மெல்ல மெல்லக் கண்ணுக்குப் புலனாகின்றன. வர்ணம் பூசிய கோபுரங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, சாயமேறாத கல்லின் கம்பீரத்தை இந்நாட்டில் இவ்வளவு நிறைவாகக் காட்டும் சிவாலயம் வேறொன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. சிவராத்திரிக்குச் செல்வோர் நான்கு யாமமும் அங்கே கழிக்கலாம்.

அவ்வாலயத்துக்கு எட்டும் தூரத்திலே கடலைப் பார்த்தபடி இருக்கிறது புனித அந்தோனியார் திருத்தலம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த நாளில், கொச்சியிலிருந்து வந்து மறைந்து தொண்டாற்றிய அந்தோனியோ என்ற குருவானவரை, கடலரிப்பால் வருந்திய மீனவர்கள் அடைக்கலமாகக் கொண்டார்கள் என்றும், அவர் சிலுவையை நட்டுப் பிரார்த்திக்கக் கடல் பின்வாங்கியது என்றும் அத்தலத்து ஐதிகம் கூறுகிறது. ஜூன் 13ஆம் திகதி திருவிழா. ஆனால் அங்கே செல்ல ஏற்ற நாள் எந்தச் செவ்வாய்க்கிழமையும் ஆகும். செவ்வாய்தோறும் அங்கே வரும் ஜனத்திரளில் கத்தோலிக்கர் எத்தனை பேர், ஏனையோர் எத்தனை பேர் என்று பிரிக்க யாராலும் இயலாது. நெற்றியில் குங்குமமும் கையில் பூமாலையுமாக நிற்கும் நம் பெண்மணியொருத்தி, வெள்ளைச் சேலை உடுத்த சிங்களத் தாயொருத்தியின் மெழுகுதிரியிலிருந்து தன் திரியைப் பற்றவைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. வேண்டுதலின் காரணம் இருவருக்கும் வேறாயிருக்கலாம். பிள்ளையின் நோயாகவோ, மகனின் விசாவாகவோ, கணவனின் குடியாகவோ இருக்கலாம்.

இந்த இரு தலங்களுக்கும் அயலில், சிறு மேட்டின்மேல் ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டில் அத்திவாரமிட்டு 1757இல் முடித்த வுல்பெண்டால் தேவாலயம், சிலுவை வடிவில், ஐந்தடி கனத்த சுவர்களோடு நிற்கிறது. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராம விகாரையும் தொலைவிலில்லை. அவ்விகாரையில் சயாம் தேசத்து அரச குலத்தில் பிறந்து பிக்குவான ஜினவரவம்ச தேரர் விகாராதிபதியாக இருந்து, தம் நாட்டு முறையில் தூபி எழுப்பிச் சென்றிருக்கிறார். அரைநாள் நடையில் இவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கதிரேசன் கோவில்களைச் சொன்னதால் ஆடிவேலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வாந்திபேதி பரவும் என்றஞ்சி 1870களில் ஆங்கில அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, காட்டுவழியே கந்தனிடம் போகமுடியாத நகரத்துச் செட்டிமார், கந்தனின் வேலைக் கொழும்பு வீதியிலேயே எழுந்தருளச் செய்தார்கள் என்று சொல்வதுண்டு. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் இரதம் கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடலின் கடற்காற்றில் பட்டுக்குடை படபடக்க, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் சென்று, அங்கே சில நாள் தங்கித் திரும்புகிறது. கதிர்காமக் கந்தன் சிங்கள மக்களுக்கும் கண்கண்ட தெய்வம். ஆதலால் வேல் வருகிறதென்றால் வீதியோரத்துச் சிங்களக் குடும்பங்களும் தேங்காயும் பழத்தட்டுமாகக் காத்துநின்றன. பம்பலப்பிட்டியில் கட்டுக்கட்டாகக் கரும்பும், எள்ளுருண்டையும், பொம்பாய் மிட்டாயும், கண்ணாடி வளையலும் விற்றவர்களில் முஸ்லிம்களும் சிங்களவரும் நிறைந்திருந்தார்கள். கொழும்புப் பழங்குடிகள் எந்தச் சமயத்தவரானாலும், தம் குழந்தைப் பருவத்தை நினைக்கும்போது வேல்விழாவின் கரும்பை மறவாமற் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நகரம் முழுவதும் தன்னுடையதென்று கருதிய தமிழ் விழா அது ஒன்றே என்றால் மிகையாகாது.

அந்த ஆடி மாதமே கொழும்புத் தமிழருக்கு வேறொரு நினைவையும் தருவது. 1983ஆம் ஆண்டு ஜூலையில், வேல் சென்ற அதே காலி வீதியிலும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இதைச் சொல்லாமல் திருவிழாவை மட்டும் வருணிப்பது உங்களுக்கு நான் செய்யும் நியாயமாகாது. 2006ஆம் ஆண்டில் போரினால் வீட்டையும் வயலையும் விட்டுச் சென்று அல்லற்பட்டு மீண்ட இப்பகுதி மக்களிடம் அவ்வாறு பேசவும் எனக்கு வாய் வராது. நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று கத்தோலிக்கரின் குடியிருப்பருகே வந்தபோது பெருங்கலகம் மூண்டது. அதற்கு நியாயம் தேடியே பௌத்தரின் சார்பில் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் அடுத்த வருஷம் லண்டன் சென்று குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தில் வாதாடினார். அதன் பயனாக 1885இல் பௌத்தரின் வெசாக் பூரணை விடுமுறை நாளாயிற்று. பௌத்தக் கொடி அவ்வருஷத்து வெசாக் தினத்தன்று மிகெட்டுவத்தே குணானந்த தேரரால் அதே தீபதுத்தமாராமத்தில் முதன்முதல் ஏற்றப்பட்டது. பள்ளிவாசலின் முன்னே பௌத்த ஊர்வலமான பெரஹராவின் மேளம் ஒலிக்கலாமா என்ற வழக்கு வளர்ந்து, 1915ஆம் ஆண்டு மே மாத வெசாக் இரவில் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலகம் கொழும்புக்கும் பரவியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்துள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் குண்டுக்கு இரையானார்கள். அதன் பின்னே குற்றமறியாத முஸ்லிம் மக்கள் பலர் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகி வருந்தினார்கள். இன்று நாம் அமைதியாக நின்று பார்க்கிற ஒவ்வோர் ஊர்வலமும் இவ்வாறு வழக்காடியும் அடிபட்டும் உயிரிழந்தும் பெற்ற உரிமை. கொச்சிக்கடைத் தேவாலயமோ 2019 ஜூன் 12ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டு, மறுநாள் திருவிழாவையும் நடத்தியது.

பயத்தினால் நம்மவர் பிறருடைய விழா நாட்களில் வெளியே செல்லாமல் அறைக்குள்ளேயே இருந்துவிடும் வழக்கம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லையென்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் வெசாக் இரவில் கொழும்பில் தங்க நேர்ந்த ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டால் இழப்பது எவ்வளவு என்று மட்டும் சொல்கிறேன். மூங்கிற் சிம்புகளை எண்கோணமாக வளைத்துக் கட்டி, மெல்லிய வர்ணத்தாளை மாப்பசையால் ஒட்டி, கீழே தாள் வால்கள் தொங்கவிட்டு, உள்ளே விளக்கேற்றிய வெசாக் கூடுகள் வீட்டுக்கு வீடு ஆடுகின்றன. தொட்டலங்கையிலும் பொரளையிலும் பேலியகொடையிலும் நாலைந்து மாடி உயரத்துக்கு எழும் பந்தல்களில், நடுவே புத்தர் திருவுருவமும் சுற்றிலும் ஜாதகக் கதையொன்றின் சித்திரங்களும் இருக்க, ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் அலையாகவும் சக்கரமாகவும் ஓடி அணைந்து மீண்டும் ஓடுகின்றன. கதையைச் சிங்களக் கவியில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் கதை விளங்கும், ஏனெனில் சித்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. கிராமத்திலிருந்து லொறியில் வந்திறங்கிய குடும்பங்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாதி இரவுக்கு மேலும் நடந்து திரிகின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக எனக்குத் தோன்றுவது தன்சல். தெருமுனைதோறும் தகரக் கொட்டகை போட்டு, ஓரிடத்தில் சோறும் கறியும், ஓரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், ஓரிடத்தில் கடலை, ஓரிடத்தில் குளிர்பானம் என்று வருவோர் அனைவருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாகனத்தை மறித்து உள்ளேயிருப்பவரை இறங்கிச் சாப்பிடுமாறு இளைஞர்கள் கெஞ்சுகிறார்கள். எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்பாரில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் மூதூர்ப் பக்கமாக வந்து வெருகலை நோக்கி நடக்கும் நாட்களில் அவர்களுக்கு மோரும் சோறும் கொடுத்துப் பழகிய உங்களுக்கு, ஈகின்றவனுடைய மகிழ்ச்சி என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. அவ்வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கி, அங்கேயே இருந்து உண்டு, கொடுத்தவருக்குக் கைகூப்பிவிட்டு வாருங்கள். ஒரு தமிழ்க் குடும்பம் அவர்கள் கையால் உண்டதைக் கண்டு அவ்விளைஞர்கள் அடையும் சந்தோஷம் மேடைப் பிரசங்கங்களால் விளைவதன்று.

மற்றைய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டை இரண்டாங் குறுக்குத்தெருவில், செங்கலும் வெள்ளையும் மாறிமாறி வரியோட, மாதுளம்பழ வடிவக் குமிழ்களோடு எழுந்துநிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் 1908இல் தொடங்கி அடுத்த வருஷம் முடித்தார்கள். கட்டிட சாத்திரம் எந்தக் கல்லூரியிலும் பயிலாத ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை அதன் சிற்பாசாரி. தொழுகை நேரம் தவிர்த்துப் போய் அனுமதி கேட்டால் அன்போடு அழைத்துக் காட்டுவார்கள். நோன்பு மாதத்து மாலைகளில் மூதூரில் நம் அயலவர் தரும் கஞ்சியின் சுவையை அறிந்தவர்கள், கொம்பனித்தெருவில் மலாயர் வீட்டு நோன்புத் திறப்பையும் வாய்த்தால் காணவேண்டும். பொரளைக் கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் என்ற பறங்கியச் சித்திரகாரர் 1940ஆம் ஆண்டளவில் தீட்டிய புத்த சரிதச் சுவரோவியங்கள் இந்நாட்டு நவீன சித்திரக்கலையின் பெருமைக்குரியவை. அவற்றைப் பார்க்கச் செல்வோர் மிகச் சிலரே என்பது வியப்பாயிருக்கிறது. பேரை வாவியின் நீர்மேல் மிதப்பது போலத் தோன்றும் சீமமாலக்கத்தை ஜெப்ரி பாவா 1970களில் வடிவமைத்தார். பௌத்த பிக்குகளுக்குரிய அந்தத் தியான மண்டபத்துக்குப் பொருளுதவியவர்கள், இறந்துபோன தங்கள் மகனின் ஞாபகார்த்தமாக அதைச் செய்த ஒரு முஸ்லிம் தம்பதிகள்.

அம்மண்டபத்தைப் பரிபாலிக்கும் கங்காராமய விகாரை 1979ஆம் ஆண்டு முதல் மாசி மாதப் பூரணையையொட்டி நவம் பெரஹராவை நடத்துகிறது. கண்டி நாட்டியக்காரரும், சவுக்கடிப்பாரும், தீவட்டி சுழற்றுவாரும், அலங்கரித்த யானைகளும் மணிக்கணக்காகக் கடந்துசெல்லும் அவ்வூர்வலம் நாட்டியக்கலைப் பயிற்சியுள்ள மாணாக்கர்கள் அவசியம் காணவேண்டியது. யானைகளின் காற்சங்கிலியும் அவற்றைச் சூழ்ந்த தீயும் இரைச்சலும் என் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. தாளத்துக்கும் காலசைவுக்குமுள்ள பொருத்தத்தை நமது கூத்தாடும் பிள்ளைகள் கூர்ந்து பார்த்தால் பல கற்றுக்கொள்வார்கள் என்பதில் எனக்கு ஐயமேயில்லை. களனி விகாரையின் துருத்து பெரஹரா தை மாதத்தில் வருவது. அங்கே சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களும், இராமாயணம் படித்தவர்கள் ஆவலோடு தேடிச்செல்லும் விபீஷணர் சந்நிதியும் உண்டு.

செல்லும் முறையைப் பற்றியும் சில வார்த்தை. பௌத்த விகாரைக்குச் செல்லும்போது வெள்ளுடை நல்லது. தோளும் முழங்காலும் மறைந்திருக்கவேண்டும். செருப்பையும் தொப்பியையும் வாசலில் கழற்றிவிடவேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது பௌத்தர் மனத்தைப் புண்படுத்தும். தண்டனைக்குரிய குற்றமாகவும் அது எடுத்துக்கொள்ளப்படும். தேவாலயத்தில் பூசை நடக்கையில் கைத்தொலைபேசியை நீட்டாதீர்கள். அருகில் நிற்பவரிடம் இது என்ன சடங்கு என்று தயங்காமல் கேளுங்கள். சிங்களம் அரைகுறையாக வந்தாலும் போதும். படம் பிடிப்பதற்கென்றே ஓடித்திரிகிறவனை யாரும் உபசரிப்பதில்லை. கேட்கிறவனுக்கு அவர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்வார்கள். ஆடிவேலுக்கோ வெசாக்குக்கோ செல்வோர் அறை வாடகை ஏறிவிடும் என்பதை நினைவிற் கொண்டு, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீடிருந்தால் முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம்.

இறுதியாக இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பம். நாம் போய்ப் பார்ப்பது போலவே அவர்களும் இங்கே வந்து பார்க்கவேண்டும். கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் திருகோணமலைத் துறைமுகத்தையும் கோணேசர் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1660ஆம் ஆண்டில் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் பிடிபட்ட கொட்டியாரக் குடாவின் இக்கரைக்கு வருவோர் அரிது. வருகிற ஆவணியில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி உற்சவத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலிருந்து, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அடங்கிய ஒரு குழுவை அழைத்து, இவ்வூர் வீடுகளில் இரண்டிரண்டு பேராகத் தங்கவைத்து, மூதூர்ப் பள்ளிவாசலையும் சேருவில விகாரையையும் காட்டி அனுப்பலாம் என்பது என் யோசனை. பிள்ளைகளை ஏற்க இணங்கும் குடும்பங்கள் எத்தனை, பஸ் செலவை யார் ஏற்பது, உற்சவ விரதக் காலத்தில் மச்சம் சமைப்பது பற்றிய ஒழுங்கு என்ன என்பவற்றைப் பேசி முடிவு செய்யவேண்டும். அதற்காக ஆசிரியர்களும், ஆலய பரிபாலன சபையாரும், மாதர் சங்கத்துத் தாய்மார்களும் கூட்டம் கலைந்தபின் சற்றுத் தாமதித்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.